காலி என்று காட்டிய முள்

தொட்டி ததும்ப ஊற்றினாலும்
காலி என்றே காட்டும் அந்த முள்.
வயிறு முட்டத் தின்றுவிட்டு
அடுத்த பந்திக்கும் வந்து நிற்கிற ஆள்.
கூடவே ஓர் அலாரம்,
கீ கீ கீ என்று
தெமிஸ்குவாட்டா ஏரியின் இந்தக் கரையிலிருந்து
அந்தக் கரை வரை.

பதினோரு வருடம் முன்பு
அதன் வயரை வெட்டியவன் நான்.
அக்கா ஒடிலிடம் சொன்னேன்:
"சரி பண்ணிட்டேன்."
சத்தம் நின்றதே, போதாதா?

முள் மட்டும் எழுந்திருக்கவில்லை.
அவள் ஒரு நோட்டுப் போட்டாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
எழுதாமல் சாவியைத் தொடமாட்டாள்.
எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம்,
எதிர்க்காற்றா, பின்காற்றா.
அந்தப் பழைய ஜெட்-ஸ்கி
பத்துக் கோடையும் அவளை
ஒருமுறைகூட நடுவில் விடவில்லை.

போன ஜூனில்
அவள் வேலைக்குப் போயிருந்தபோது
நான் எடுத்து ஓட்டினேன்.
எழுதவில்லை.

மூன்று நாள் கழித்து, இருட்டுகிற நேரம்,
நட்ட நடு ஏரியில்
இஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றுபோயிற்று.
பனி உருகி ஆறு வாரம் ஆன தண்ணீர்.
ஃபூர்னியே வீட்டுப் படகு
கயிறு கட்டி இழுத்து வந்தபோது மணி பத்து.
உதடு நீலம்.
"கணக்குல எங்கயோ தப்பு பண்ணிட்டேன்" என்றாள்.
நானும் தலையாட்டினேன்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காதாம்.
மறுநாள் மதியம்
பட்டாணி சூப் வைத்துக் கொடுத்தாள்.

ஆகவே இந்தச் சனிக்கிழமை.
கராஜின் இரண்டு கதவும் விரியத் திறந்து கிடக்கின்றன.
பெட்ரோலை உறிஞ்சி எடுத்தாயிற்று.
சென்சார் குழாய் இரண்டு நாள் வெளியே காய்ந்தது.
மூடியை நெம்பினால்
உள்ளே விரலகலப் பலகை,
அரிசி அரிசியாய் மின்தடைகள்,
தலைமாட்டில்
எறும்புக் கால் மாதிரி ஒரு ஃபியூஸ்.
போயிருந்தது.
இவ்வளவுதான்.
இரண்டு டாலர் பெறாத கம்பிக்கு
எத்தனை நோட்டு!

புதியதை வைத்து ஈயம் ஊற்றினேன்.
ஒரு சொட்டு தப்பி
பேன்ட்டில் ஓட்டை போட்டது.
மல்டிமீட்டர் பேசியது.

பிறகு முன்மூடிக்கு அடியில் கையை விட்டேன்.
டேப் சுற்றிய இரண்டு நுனிகள்
நான் விட்ட இடத்திலேயே.
கறுப்புப் பசை விரலோடு வந்தது.
சுரண்டி, முறுக்கி, ஒட்டினேன்.

"ஏறி உட்காரு. முள்ளைப் பார்த்துச் சொல்லு."
ட்ரெய்லர் மேல், தண்ணீர் இல்லாத தரையில்,
ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
குழாயைத் தலைகீழாய்ப் பிடித்தேன்.
மிதவை உள்ளே வழுக்கி ஓடியது.
"முழுசு."
சாய்த்தேன்.
"முக்கால்... பாதி...
ஏய், அசையுதுடா கெய்த்தான்!"
நிமிர்த்தினேன்.

கீ கீ கீ.

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
"இது செத்துப்போச்சுன்னு..." என்று ஆரம்பித்தவள்
தரையில் கிடந்த டேப்பைப் பார்த்தாள்.
என் விரல்களைப் பார்த்தாள்.

கீ கீ கீ.
அவள் நிறுத்தச் சொல்லவில்லை.
நான் குழாயைத் திருப்பவில்லை.

அந்தச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது:
"நோட்டை எடு.
போன ஜூன், மூணாம் தேதி.
நாற்பது நிமிஷம்.
எதிர்க்காற்று."