நாற்பத்து மூன்று

அறுபத்தைந்து முடிந்ததும் அரசாங்கம் கடிதம் போட்டது.
லூலியோ ஆஸ்பத்திரியில்
ஹில்டிங் நியேமியின் வயிற்றில் ஜெல் தடவினார்கள்.
"கடலே இவ்வளவு குளிராது."

திரையில் பெருந்தமனி.
முதுகெலும்பை ஒட்டி ஓடும் கறுப்பு வாய்க்கால்,
தொப்புளுக்கு மேலே ஓரிடத்தில் மட்டும்
இரை விழுங்கிய பாம்பாய்ப் புடைத்து.

நாற்பத்து மூன்று மில்லிமீட்டர், என்றாள் யோர்டிஸ்.
ஐம்பத்தைந்தைத் தொட்டால் கத்தி வைக்கணும்.
அதுவரை மாத்திரை, வருஷத்துக்கு ஒரு அளவு.
சிகரெட் இன்றோடு சரி.

முப்பது குளிர்காலம்
உறைந்த கடலில் துளை போட்டு
பனிச்சாலையின் கனம் பார்த்தவர்.
ஒரு சாண் என்றால் கார்,
மூன்று சாண் என்றால் மரலாரி.
எண் கூடக்கூட நன்றாகத் தூங்கிய மனிதர்.

இந்த எண் கூடக் கூடாதாம்.

முதுகு வலிக்கிறது என்று படுத்த அண்ணன் ராக்னார்
விடியலைப் பார்க்கவில்லை.
மாரடைப்பு என்றுதான் ஊரெல்லாம் பேச்சு.
யாரும் அளக்கவில்லை.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி
கடல்மேல் இறங்கினார்.
பழக்கத்தில் குதிகாலால் ஒரு தட்டு.
நல்ல பனி.
பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார்.
பையில் பாதி பாக்கெட் இருந்தது;
ஒன்றை எடுத்து மோந்தார்,
உள்ளேயே வைத்துவிட்டு
ராக்னாரின் மகனுக்கு போன் போட்டார்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.