அடிக்கோடு

கடல் வரைபடத்தில்
எண்களெல்லாம் ஆழம்.
அடிக்கோடு போட்ட எண் மட்டும் வேறு.
தண்ணீர் வற்றும்போது
வெளியே தலைநீட்டும் தரை,
அதன் உயரம்.
இதைப் படித்த மறுநாள்
ஏவி பாலத்தில் வண்டியை நிறுத்தி
வைகையைப் பார்த்தேன்.
கருவேலம், கழுதை இரண்டு, காயப்போட்ட போர்வைகள்.
கரையிலிருந்து கரைவரை
ஒரே அடிக்கோடு.

கூட்டுறவுத் தணிக்கையில் பதினெட்டு வருஷம்.
அங்கே அடிக்கோடு என்றால்
கூட்டி முடித்தாயிற்று, இனி யாரும் கைவைக்கக் கூடாது.
நாற்பத்து நான்கு வயதில்
பாய்மரப் படகுக்குத் தலைமையேற்கப் படிக்கிறேன் என்றதும்
மேசைக்கு அந்தப்பக்கம் பஞ்சவர்ணம் சிரித்தாள்.
"மதுரையிலயா?"

மதுரையில்தான்.
செல்லூர் மொட்டைமாடியில்
டிஷ் கம்பத்தில் கிழிந்த பனியன் துண்டைக் கட்டிவைத்திருக்கிறேன்.
காற்றுக்குப் பெயர், அது போகிற ஊரை வைத்தல்ல,
வருகிற திசையை வைத்து.
துணி அசையாத இரவுகளில்
கிழக்கு வீட்டு மீன்குழம்பு மணந்தால்
கொண்டல் என்று நோட்டில் எழுதுவேன்.

வெள்ளி இரவு மாட்டுத்தாவணி.
தூத்துக்குடி வரை மூன்று மணி நேரம்
முழங்காலைச் சுற்றி முடிச்சுப் போட்டு அவிழ்ப்பேன்.
கயிறு கீழமாசி வீதியில் வாங்கியது, ஆறு மீட்டர்.
கடைக்காரரிடம் கண்ணியைக் காட்டினால்
"இது மாட்டுக் கழுத்துக்குப் போடுறதும்மா,
எம்புட்டு இழுத்தாலும் இறுகாது" என்றார்.
இறுகாமல் பிடித்துவைக்க ஒரு முடிச்சு இருக்கிறது.
எனக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லித்தருகிற ஜெனோவாவுக்கு இருபத்தாறு வயது.
என்னைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவாள்,
தப்புச் செய்யும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தி.
சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால்
படகு வலப்பக்கம் போகும்.
இது கைக்குப் புரிய நாலு சனிக்கிழமை ஆனது.
புரிந்த மறுநாளுக்கு மறுநாள்
கோரிப்பாளையம் சிக்னலில்
கை ஸ்கூட்டரை மாற்றித் திருப்பிவிட்டது.
ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி
"யக்கா, கப்பலா ஓட்டுற?"
வாழ்நாளில் என்னை
இவ்வளவு சரியாக யாரும் திட்டியதில்லை.

போன வாரம் முயல் தீவுப் பக்கம் தரை தட்டினோம்.
ஒன்று புள்ளி இரண்டை
இரண்டு புள்ளி ஒன்று என்று வாசித்தது நான்,
ஊரார் எண்களைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள்.
அடியில் மணல் உரசிய சத்தம்
அரிசி களைவது போல இருந்தது.
விருதுநகர்ப் பல் டாக்டர் கோமதிநாயகம்,
அரியர் வைத்திருக்கும் ரிஸ்வான், ஜெனோவா,
மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.
வீட்டிலும் பார்ப்பார்கள், சாவி எங்கே என்று.
இது வேறு.

"என் தப்பு" என்றேன்,
காற்று எடுத்துப் போய்விடாதபடி சத்தமாக.
பிறகு
"எல்லாரும் இடப்பக்கம் வாங்க.
கம்பியைப் பிடிச்சு வெளிய தொங்குங்க."
நடுவில் நில், யார் பக்கமும் சாயாதே
என்று சொல்லி வளர்க்கப்பட்டவள்.
படகு சாய்ந்தது. அடிக்கட்டை மணலை விட்டது.
டாக்டரின் ஒரு செருப்பு மட்டும்
மன்னார் வளைகுடாவில் பாக்கி.
செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இன்று அணை திறந்திருக்கிறார்கள்.
கழுதைகள் கரையேறிவிட்டன.
பாலத்துக்குக் கீழே
பழுப்பாய், அவசரமில்லாமல், பிளாஸ்டிக் குடமொன்றை உருட்டிக்கொண்டு
தண்ணீர்.
வண்டியை நிறுத்தினேன்.
கணுக்கால் ஆழம், அங்கங்கே முழங்கால்.
நமக்கு ஒன்று புள்ளி ஆறு மீட்டர் வேண்டும்.
கச்சான் முதுகில் அடிக்கிறது.
ஆழம் மட்டும் இருந்தால்
பாயை முழுசாய் விரித்து விரகனூர் வரைக்கும்

பின்னால் ஹாரன்.
கடலில் ஒரு குட்டை ஊதல் என்றால்
வலப்பக்கம் திரும்புகிறேன்.
இரண்டு, இடப்பக்கம்.
ஐந்து என்றால்
நீ என்ன செய்யப் போகிறாய் என்று
எனக்குப் புரியவில்லை.

எண்ணினேன்.
ஐந்து.