ஒரே சனிக்கிழமை

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் செல் கடைச் சுவரில் ஒரே ஆணியில் ரெண்டு காலண்டர்.
தமிழுக்கு இன்று ஆவணி ஐந்து,
வருசம் பிறந்து நாலு மாசம் தாண்டியாச்சு.
மலையாளத்துக்குச் சிங்ஙம் ஐந்து,
வருசம் பிறந்து ஐந்தே நாள்.
காற்றடித்தால் ஒன்றின் மேல் ஒன்று புரளும்.
சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

வில்பிரட் அண்ணன் மீன் டெம்போவை
அணைக்காமலே நிறுத்திவிட்டு வந்தார்.
"ஷைனி, இதுக்க தேதி ஒண்ணு சரியாக்கித் தா."

திரையோரம் செதில் ஒட்டிய செல்.
மணி சரி, பதினொன்று நாற்பது.
தேதிதான் ஆகஸ்ட் ரெண்டு, சனி.

பேட்டரி செத்துப் பிழைத்த செல் என்றால்
எழுபதாம் வருச ஜனவரி ஒன்றுக்கு ஓடிப்போய்
விடிகாலை ஐந்தரைக்கு
ஊர் தெரியாதவன் போல முழித்துக்கொண்டு நிற்கும்.
அது நோய். பார்த்ததும் தெரியும்.
இது யாரோ கையால் தள்ளியது.

"தண்ணி பட்டுதா?"
"பட்டிருக்கும்."
"கீழ விழுந்துதா?"
"விழுந்திருக்கும்."

வாட்ஸ்அப், தேதியைத் திருத்திவிட்டு வா என்றது.
பேங்க் ஆப் கதவே திறக்கவில்லை.
வேறெங்காவது புரண்டிருக்கிறதா என்று பார்க்கத்தான்
கேலரிக்குள் போனேன்.
ஆகஸ்ட் ரெண்டின் கீழ் அறுபத்து மூன்று படம்.
தேங்காய்ப்பட்டணத்தில் விடியல்.
ஐஸ் பெட்டி.
அமரவிளையில் சோதனைக்கு நிற்கும் வண்டி வரிசை.
மறுபடி விடியல்.
மகள், காலில் புது மாவுக்கட்டு.
மகள், மாவுக்கட்டில் யாரோ பேனாவால் போட்ட பூ.
மகள், கட்டுப் பிரித்த காலை ஊன்றி,
வெளுத்துச் சூம்பிய அந்தக் காலைப் பார்க்காமல்
கேமராவைப் பார்த்தபடி.
எலும்பு கூடியது முழுக்க ஒரே சனிக்கிழமையில்.

நான் நிமிர்ந்தேன்.
அண்ணன் டெம்போவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"மூணாம் தேதி தவணை.
டெய்லி ராத்திரி பன்னெண்டுக்கு முன்ன ஒண்ணாக்கி வைப்பேன்.
பன்னெண்டு அடிச்சா ரெண்டாவும்.
மூணு வரவே வராதுல்லா.
அந்த லோன் ஆப்பும் திறக்கல்ல.
செரி, நிண்ணு போச்சுண்ணு நெனச்சேன்."

ஆகஸ்ட் ரெண்டு என்றால் கர்க்கடகம்,
மழையும் பஞ்ஞமும் உள்ள மாசம்.
தமிழில் அது போன மாசம்.
மலையாளத்தில் போன வருசம்.
பத்தொன்பது ராத்திரி இந்த மனுசன்
தனியாக அங்கே திரும்பிப் போய்ப் படுத்திருக்கிறார்.
கோயில் மணி அடித்த ஞாயிறுகளிலும்
சட்டைப்பையில் சனி.

செட்டிங்ஸ் திறந்தேன். தேதி, நேரம்.
'தானாக' என்ற இடத்தில் அணைந்துகிடந்த பொட்டை
வலதுபக்கம் தள்ளினேன்.
பாறசாலை டவரோ குழித்துறை டவரோ,
எது சொன்னால் என்ன,
ஒரு நொடியில் வியாழன், இருபத்தொன்று.

பிறகு செல் என் கையில் நிற்கவில்லை.
கூடை கவிழ்ந்த மாதிரி மெசேஜ்.
மச்சான், ஹார்பர் குரூப், பள்ளிக்கூடம், மச்சான்,
ஆஸ்பத்திரி, மறுபடி மச்சான்.
கடைசியில் லோன் ஆப் திறந்து சிவப்பில் காட்டியது:
பதினெட்டு நாள், நாள் ஒன்றுக்கு இவ்வளவு.
அது எங்கோ ஒரு ராத்திரியும் தூங்காமல் எண்ணியிருக்கிறது.

அண்ணன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.
பாதியில் விட்டுவிட்டார்.

"இந்தப் படமெல்லாம் அதுக்க தேதிக்குத் தானா போவுமா?"
"போவாது அண்ணே. ரெண்டாம் தேதியிலதான் கெடக்கும்."
"கெடக்கட்டு."

இருபது ரூபாய் கேட்க நினைத்துக் கேட்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.
படியிறங்கினவர் நின்று,
கையில் செல்லை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:
"இண்ணைக்கு வியாழன் தானே?"
"வியாழன்."
"அப்ப இந்த வாரம் ஞாயிறு உண்டு."
வண்டி அதுவரை உறுமிக்கொண்டுதான் நின்றது.