ஆறு வோல்ட்

வாஷிங் மெஷின் சரிசெய்கிற ஓஸ்மார்
ஞாயிற்றுக்கிழமை வந்தான்.
பொம்மை ஜீப்பின் வயிற்றைப் பிளந்து
மிதிக்கட்டைக்குப் போன கம்பியை வெட்டி
ஸ்டியரிங் நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தான்,
சாஸர் அகலம்.
முதுகுக்கு நீச்சல் பலகை.
இருபுறமும் பிவிசி குழாய், அதன்மேல் பஞ்சு.
முன்சக்கரம் இடப்பக்கம் இழுக்குது, அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றான்.
காசு வாங்கவில்லை. கசப்பு மாத்தே மட்டும்
மூன்று முறை நிரப்பிக் குடித்தான்.

காலே இல்லையா பிள்ளைக்கு என்று
பேருந்தில் ஒருத்தி கேட்டாள்.
இருக்கிறது. பத்து விரலோடு இருக்கிறது.
நிற்கிற பலம்தான் வரவில்லை.
மோட்டார் நாற்காலியா, ஐந்து வயதாகட்டும் என்றார்கள்
பைசாந்து அலுவலகத்தில்.
அதுவரை?
அலமாரியாக இருக்கச் சொல்வதா?

அண்ணன் நவுவேல் அவளை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வான்,
பொல்லாதவன் இல்லை.
அவள் கோல் கம்பம். அவள் புதையல்.
அவள் தூங்குகிற முதலை.
கண்ணாமூச்சியில்
அவளை ஒளித்துவைப்பவனும் அவனே,
கண்டுபிடிப்பவனும் அவனே.

கை தற்செயலாகத்தான் விழுந்தது.
ஜீப் ஒரு முழம் நகர்ந்தது.
கையை எடுத்தாள், நின்றது.
நான் தள்ளினேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள்.
போலீஸிடம் பிடிபட்டவள் போல
இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

மறுபடி தட்டினாள்.
பாதி அவள் இஷ்டம், பாதி சக்கரத்தின் கோணல்.
நாயின் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது.
நவுவேலின் கட்டைவிரலில் ஏறியது.
அவன் அலற, அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு,
அதை இந்த வீடு கேட்டதில்லை.
கொஞ்சம் கெட்ட சிரிப்பு.

பிறகு கொடியில் தொங்கிய ஈரப் போர்வைக்குப் பின்னால் போனாள்.
மோட்டார் அடங்கியது.

மூன்று வருடமாக
வைத்த இடத்தில் இருந்தாள்.
சாவியைத் தொலைத்திருக்கிறேன், கண்ணாடியை,
ஒருமுறை கல்யாண மோதிரத்தை.
இவளைத் தொலைத்ததே இல்லை.

மாய்த்தேனா, வா.
வரவில்லை.
வாடி, குளிக்கணும்.
போர்வைக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்,
அடக்கத் தெரியாத மூச்சு.

இன்னொரு முறை கூப்பிட்டிருக்கலாம்.
கொடியில் இருந்த கிளிப்புகளை
மெதுவாக எண்ணிக்கொண்டு நின்றேன்.
பதினேழில் மோட்டார் முனகியது.
என் பக்கம் இல்லை.
எங்கள் கொல்லை ஆற்றை நோக்கி லேசாகச் சரிவு,
சத்தம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நவுவேல்,
கேட்டைப் பூட்டினாயா?