மூன்றாம் பாத்தி

கம்பளிக்குக் காசோலை வந்தது:
எண்பத்து மூன்று பவுண்டு, நாற்பது பென்னி.
கத்தரித்தவனுக்குக் கொடுத்த கூலி
இருநூற்று ஐம்பத்திரண்டு.
மெரெரிட் காசோலையை மேசைமேல் வைத்து
அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தாள்.
'மயிர்க் காசு' என்று அவள் சொல்லவில்லை.
அவள் மொழியில் அந்தச் சொல்லுக்கு
அத்தனை கோபம் கிடையாது.
நான்தான் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு டிப்போவுக்கு அனுப்பவில்லை.
நூற்று நாற்பது ஆடுகளின் மேலங்கி
கொட்டகையில் கூரைவரை ஏறியது.
எலி குடிபுகுந்தது.
பின்னாலேயே போன பூனை
அங்கேயே தூங்கிப்போனது.

ஜூன். மழை.
வேல்ஸ் மலைச்சரிவில் மழைக்கு மாதம் ஏது?
கத்தரித்துவிட்ட ஆடுகள்
வெளுத்து, ஒல்லியாகி,
பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த பிள்ளைகள்போல் நிற்கின்றன.
ஆடு நனைகிறதே என்று அழ
இந்த மலையில் ஒரு ஓநாயும் இல்லை.
நத்தைகள் உண்டு.
ஓடில்லாத, கறுத்த, விரல் தடிமன் நத்தைகள்.
இரவெல்லாம் இருந்து தின்றுவிட்டு
பீன்ஸ் நாற்றின் காம்பை மட்டும்
ரசீதுபோல் விட்டுப்போகும்.

அவள் கம்பளியைக் கழுவவில்லை, சிக்கெடுக்கவில்லை.
புழுக்கை ஒட்டிய வாலடிக் கம்பளிதான் முதலில்.
பிடிபிடியாய்ப் பிய்த்து
ஒவ்வொரு தண்டையும் சுற்றி,
கழுத்தை நெரிக்காமல் ஒரு விரல் இடம் விட்டு,
காற்று தூக்கிப் போகாமல் வாளி வாளியாய் நீரூற்றி.
தோட்டம் முழுக்க ஆட்டு வீச்சம்.
குளிரில் பல வருடமாய் வெடித்துக் கிடந்த பெருவிரல்
கம்பளியின் கொழுப்பில்
அந்த வாரம் மூடிக்கொண்டது.

மதிலுக்கு அப்பால் ஆடுகள் வந்து பார்த்தன.
தன் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த முட்டைக்கோஸை
ஒன்று வெகுநேரம் பார்த்தது.
பிறகு மேயப் போனது.

ஆகஸ்டில் இட்வல் வந்தான்,
தப்பி வந்த தன் நாயைத் தேடி.
ஆறு வருடமாய்ப் பேச்சில்லை:
இடிந்த மதில் யாருடையது,
கல்லடுக்க வேண்டியது யார் என்ற வழக்கு.
நாய் மூன்றாம் பாத்தியில் படுத்திருந்தது.
அதன் மூக்கடியில்,
மழைக்கும் கரையாத சிவப்புச் சாயம்.
மெரெரிட்டின் ஆடுகளுக்கு நீலம். தோளில்.

"இது என் ஆடு."
"உன் ஆட்டை அன்றைக்கே அந்தப் பக்கம் விரட்டிவிட்டேன்."
"ஆட்டை விரட்டினாய். கம்பளி?"

கணக்குப் போட்டார்கள்.
இரண்டு கிலோ, அறுபது பென்னி.
கத்தரித்த கூலி ஒரு பவுண்டு எண்பது,
கழித்தால் நீதான் தர வேண்டும் என்றாள்.
இட்வல் வானத்தைப் பார்த்தான்.
பேனாக்கத்தியை விரித்து
சிவப்புக்கு நடுவே நின்ற முட்டைக்கோஸை
அடியோடு அறுத்தான்.
"ஆட்டுக்காக," என்றான்.
அவள் தடுக்கவில்லை.

படல்வரை போனவன் நின்றான்.
மேலிலையைப் பிரித்துக் காட்டினான்.
உள்ளே, கொழுத்து, பளபளத்து, ஒன்று.
கம்பளியைத் தாண்டாது என்று
ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

"அது உன் மதிலிலிருந்து வந்தது," என்றாள்.

"உன் மதில்," என்றான் இட்வல்.

தூறல் தொடங்கியது.
நாய் இன்னும் எழவில்லை.
நனைந்த கம்பளியில் இன்னொரு சுற்று சுற்றிப் படுத்தது.
அதற்கு எந்த வழக்கும் இல்லை.