ஏழு நிமிடம் பன்னிரண்டு விநாடி

துராஸ்னோ தெருமுனை வந்ததும்
வாசல் தெரிந்த பூனை போல
என் கைபேசி என்னைக் கேட்காமலே
மூன்றாம் மாடி வைஃபைக்குள் நுழைந்துகொள்கிறது.

அதற்குக் கடவுச்சொல் வைத்தது சுல்மாவும் நானும்,
ஒரு மலிவு ஒயின் தீர்ந்துபோன இரவில்:
ஹூகோவிடம்சொல்லாதே.
இடைவெளி கிடையாது.
ஹூகோ அவள் கணவன்.
கடவுச்சொல் என்னவென்று கேட்டபோதெல்லாம்
உண்மையைத்தான் சொன்னோம்.
பாவம், இரண்டு மாதம்
சொந்த வீட்டில் சொந்தக் காசில் இணையம் பார்த்தான்.

சுல்மா பாய்சாந்து போய் மூன்று வருடம்.
ஹூகோ இன்னும் மேலேதான் இருக்கிறான்.
மாற்றத் தெரியவில்லையோ,
மனமில்லையோ.

கிளம்பும் வாரத்தில் ஒரு இரவு அவள் அழைத்தாள்.
அவள் பெயர் அதிர்ந்து அதிர்ந்து
மேசை விளிம்புவரை நகர்ந்தது.
விழுமுன் பிடித்தேன்.
எடுக்க மட்டும் இல்லை.
'தூங்கிவிட்டேன்' என்று காலையில் எழுதினேன்.
எனக்குப் பொய் பழகிவிட்டது, கைபேசிக்கு இன்னும் இல்லை:
கடைசியாக வந்தது 11.47 என்று
அவளிடம் காட்டிக்கொடுத்துவிட்டது.

பதிலுக்கு ஒரு குரல் செய்தி.
ஏழு நிமிடம் பன்னிரண்டு விநாடி.
கூட ஒரு எழுத்தில்லை, ஒரு பொம்மையில்லை.
ஏழு நிமிடம் திட்ட அவளால் முடியும்.
எரிவாயு அலுவலகத்தைத் திட்டியபோது
பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

அப்புறம் கேட்கலாம்.
மாத்தே குடித்துவிட்டு. சளி போனதும். சனிக்கிழமை.
இரண்டு முறை கைபேசி மாற்றினேன்;
இரண்டு முறையும் அந்தப் பச்சைப் புள்ளி
என்னோடு குடிமாறி வந்தது.

நான் தனியாகப் பேசுகிறவள்.
'நீடியா, அடுப்பை அணைத்தாயா?'
'நீடியா, இந்தக் கோட்டு உனக்கு வேண்டாத வேலை.'
ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்:
'அவளுக்கு என்னதான் பதில் வைத்திருக்கிறாய்?'
'மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை'
என்றது அலமாரி மேலிருந்த கைபேசி.
அதன்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

இன்று ஜூலை, மொந்தெவிதேயோ குளிர்.
ஆறா கடலா என்று ஊர் இன்னும் தீர்மானிக்காத
அந்தத் தண்ணீரிலிருந்து வரும் காற்று
காது மடலைக் கடிக்கிறது.
ரொட்டிக்கடைப் படியில் உட்கார்ந்தேன்.
பேட்டரி ஒன்பது சதவீதம்.
ஹூகோவின் செலவில் அழுத்தினேன்.

முதலில் துணி உரசும் சத்தம். சாவிக்கொத்து.
பேருந்துக் கதவு மூச்சு விடுகிறது.
பிறகு அவள், வேறெங்கோ இருந்து:
'தக்காளியா, இந்த விலைக்கா...
சுல்மா, நீ அட்டைப்பெட்டி வாங்க வந்தாய்,
பெட்டியை வாங்கு.'
யாரோ எடை போடுகிறார்கள். யாரோ இருமுகிறார்கள்.
ஐந்தாம் நிமிடம் முழுக்க நடை.
இடது காலைச் சற்று இழுத்து நடப்பாள்,
அதுகூடக் கேட்டது.
ஆறாவதில், போகிறபோக்கில்,
'நீடியாவாக இருந்தால் பச்சையைத்தான் எடுப்பாள்' என்றாள்.
எதில் பச்சை? சொல்லவில்லை.
எடுத்தாளா? தெரியவில்லை.
பைக்குள் எதையோ தேடிய விரல் பட்டு
அதோடு முடிந்துவிட்டது.

மூன்று வருடம் நான் பயந்தது
ஒரு கோட்டுப் பை தானாக அழுத்திய பொத்தானுக்கு.

மன்னிப்பை எங்கே தொடங்குவதென்று
வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன்.
நான்கு தொடக்கம். நான்குமே
சுங்க அலுவலகத்துக்கு எழுதுவது போல் இருந்தன.
பிறகு பதிவை அழுத்திப் பூட்டி
கைபேசியைக் கோட்டுப் பையில் போட்டு நடந்தேன்.

'நீடியா, பால்' என்றேன். வாங்கினேன்.
'மழை வரும்போல' என்றேன்.
பச்சைக் குடை பிடித்த ஒருத்தி எதிரே வந்தாள்;
'இதுவா நீ சொன்னது?' என்றேன்.
அவள் என்னைப் பார்த்த பார்வை
பதிவில் விழுந்திருக்காது.

வீட்டுக்கு வந்து எடுத்தால்
திரை கறுத்துக் கிடக்கிறது.
போய்ச் சேர்ந்ததா, பையிலேயே செத்ததா?
சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
'அவசரப்படாதே' என்கிறேன்.
'மூன்று வருடமாக அதைத்தானே செய்தாய்'
என்கிறேன்.