கிடுகு

கழனிவாசல் மாடி அறை.
சித்திரை வெக்கையில்
ஆத்தங்குடிக் கல் மட்டும்தான் குளிர்ச்சி.
அதில் சப்பணமிட்டு உட்கார்ந்து
இருபத்தேழாவது முறையாகச் சாகிறேன்.

சாம்பல் கோட்டையின் வாசற்காவலன்
மூன்று ஆள் உயரம்.
சம்மட்டியை ஓங்குமுன்
இடது தோளை ஒரு தரம் குலுக்குவான்.
அந்தக் குலுக்கலைக் கண்டுபிடிக்கவே
ஒன்பது உயிர் செலவு.

ஆட்டத்தில் நாலு நிலை உண்டு.
நான் எடுத்தது கடைசி,
"கருணை இல்லை" என்று அதற்குப் பெயர்.
சேமித்துவைக்க முடியாது,
நடுவில் நிறுத்த முடியாது,
மருந்துக் குப்பி மூன்றுதான்.

தேவகோட்டை ராயப்பன்
இரட்டைவாள்காரனை எடுத்து எளிய நிலையில்
ரெண்டே ராத்திரியில் முடித்தவன்.
"கேடயத்தைத் தூக்கிக்கிட்டு
எத்தனை நாளைக்கு அடி வாங்குவே உமையாள்,
வெட்டத் தெரியாதவங்களுக்குத்தான் அது"
என்று குரல் அனுப்புகிறான்.
பின்னால் அவன் வீட்டு மிக்ஸி ஓடுகிறது.

பதில் போடவில்லை.
பகலெல்லாம் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு:
மின்வாரியத்தில் புகார் மேசை.
செக்காலையில் கம்பி அறுந்தால் நான்,
கோட்டையூரில் வோல்டேஜ் குறைந்தால் நான்,
மண்டபத்தில் தாலி ஏறும் நேரம் விளக்கு அணைந்தால்
என் சம்பளம், என் பிறப்பு,
என்னைப் பெற்றவர்கள் எல்லாமே நான்.
"லைன்மேன் கிளம்பிட்டாருங்க."
ஒரு நாளைக்கு எண்பது தடவை
தூக்கிப் பிடிப்பேன் அதை.

என் போர்க்காரிக்குக் கிடுகு என்று பெயர் வைத்திருக்கிறேன்.
பழைய தமிழில் கேடயம்.
எங்கள் பக்கம் பந்தல் மேய்கிற தென்னங்கீற்று.
மழைக்கு ஒழுகும்,
ஆனாலும் அதற்குக் கீழேதான் பந்தி நடக்கிறது.

தூக்கியே வைத்திருந்தால்
ஓரத்துப் பச்சைக் கோடு வற்றிவிடும்.
தெம்பு போனால் இரும்பும் அப்பளம்.
அடிக்கும் அடிக்கும் நடுவே
இறக்கத்தான் வேண்டும்,
அவன் பார்க்கிறான் என்று தெரிந்தே
நெஞ்சைக் காட்டி ஒரு மூச்சு.
கஷ்டம் அங்கேதான்.
மற்றதெல்லாம் கட்டைவிரல்.

இருபத்தெட்டு.
குலுக்கல். தூக்கு. டங்.
இறக்கு. மூச்சு.
குலுக்கல். தூக்கு.
ஆறிப்போன வெள்ளைப்பணியாரத்தின் எண்ணெயில்
விசை வழுக்குகிறது.
ஒரு குப்பிதான் மிச்சம்.
காவலன் உயிர்க்கோடு
நகக்கீறல் அளவு.
சம்மட்டி மேலே போகிறது,
இடது தோள்

கரண்ட் போச்சு.

திரை, மின்விசிறி, தெருவிளக்கு.
எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது,
கீழ்வீட்டில் ஒரு கெட்ட வார்த்தை,
அது எனக்கானது என்று எனக்குத் தெரியும்.

கை தானாக எண்ணை அடித்தது.
என் மேசையின் எண்.
ராத்திரி ஷிப்ட் பூச்சிக்கண்ணு எடுத்தார்,
யாரென்று கேட்காமலே
"லைன்மேன் கிளம்பிட்டாருங்க" என்றார்.
என் வாக்கியம், சுருதி பிசகாமல்.
அதன் அடியில்
பச்சைக் கோடு எவ்வளவு மிச்சம் என்பது
எனக்குக் காதில் விழுந்தது.

வாய்வரை வந்துவிட்டது சம்மட்டி.
என் தோளும் குலுங்கியிருக்க வேண்டும்.
"நான் உமையாள் பேசறேண்ணே."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
"உங்க ட்ரான்ஸ்பார்மர்லே
மரநாய் விழுந்திருச்சு தாயி."
"நெசமாவே கிளம்பிட்டாராண்ணே?"
"எங்கே. டீ குடிச்சிக்கிட்டு இருக்கார்."

இருட்டில் உட்கார்ந்து
ரெண்டு பேரும் சிரித்தோம்.
"பாத்து ஏறச் சொல்லுங்க" என்றேன்.
எண்பதில் ஒருவர்கூட
என்னிடம் சொன்னதில்லை அதை.

கரண்ட் வந்தபோது மூன்றேகால்.
ஆட்டம் என்னை
அடிப்படிக்கட்டில் எழுப்பிவிட்டது.
குப்பி மூன்று.
மேலே அவன் முழு உயிரோடு.
"முடிஞ்சுதா?" என்று ராயப்பன் கேட்டிருக்கிறான்.
காலையில் பத்து மணிக்கு மேசை.
மரநாய் வீட்டார் தவிர
மற்ற எல்லோரும் கூப்பிடுவார்கள்.

விரல்களைத் துண்டில் அழுந்தத் துடைத்துக்கொண்டு
கிடுகைத் தோளில் மாட்டி
ஏறுகிறேன்,
அவனுடைய இடது தோளையே பார்த்தபடி.